சுண்ணாம்பில் விழுந்த தடம்

"நேத்து நீ எங்க ஷெட்டுக்குள்ள போனியா?"

காலையில் கதவைத் திறந்ததும் வெர்லின் கேட்ட முதல் கேள்வி இதுதான். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் இன்னொருத்தன் வீட்டுக்கு வந்தால் முதலில் குளிரைத் திட்ட வேண்டும், அடுத்து பால் விலையைத் திட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் வந்த காரியம். இவன் அதையெல்லாம் விட்டுவிட்டு வாசலுக்குள் நான் கழற்றிப் போட்டிருந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன் ஷெட்டுல எனக்கென்ன வேலை?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு நார்ப்."

"போகல. போதுமா? உள்ள வா, சூடெல்லாம் வெளிய போகுது."

உள்ளே வரவில்லை. குனிந்து என் பூட்ஸில் ஒன்றை எடுத்தான், திருப்பினான், அடியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் மாடு வைத்திருந்த காலம் முழுக்க அவன் கொட்டகையிலிருந்து பாலை ஏற்றிக்கொண்டு சீஸ் ஆலைக்குப் போன லாரிக்காரன் நான். என் பெண்டாட்டி செத்த பிறகு பாதி நாள் மத்தியானச் சாப்பாடு அவன் வீட்டில்தான். அப்பேர்ப்பட்டவனை நிற்க வைத்துக் கால்தடம் பார்க்கிறான்.

விஷயம் இதுதான்: டிராக்டர். வயல் டிராக்டர் இல்லை. வயலும் மாடும் எப்போதோ கைமாறிவிட்டன. இது தோட்டத்து டிராக்டர். கோடையில் புல் வெட்டும், குளிர்காலத்தில் முன்னால் பனி வாரியை மாட்டிவிட்டால் பனியை வாரி ஓரமாக வீசிக்கொண்டே போகும். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு இன்ஜின், எங்கள் வயசுக்குக் கொஞ்சம் இளசு. மேற்கு விஸ்கான்சினில் எங்கள் ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான். வெர்லின் வீடு மேட்டின் உச்சியில், ரோடு கீழே. நடுவில் வளைந்து வளைந்து இறங்குகிற பாதை. ஒரு பக்கம் சரிவு, சரிவின் அடியில் ஓடை. பனி விழுந்த அன்றே அந்தப் பாதையை வாராவிட்டால் தபால்காரனும் வர மாட்டான், ஆம்புலன்ஸும் வராது. அதை வார முடிகிற வரைக்கும்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். வெர்லினுக்கு அது நன்றாகத் தெரியும்.

போன குளிர்காலத்தில் அந்தச் சரிவில்தான் டிராக்டரோடு இறங்கிவிட்டான். ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்தவனை அவன் பெண்டாட்டி ஆர்டிஸ்தான் ஓடிப்போய்ப் பார்த்தாள். நடுவில் ஒரு மரம் நின்று தடுத்ததால் ஓடைக்குள் போகவில்லை. கண்ணைத் திறந்தவன், "கொஞ்சம் அசந்துட்டேன்" என்றான். டாக்டரிடம் சொல்லக்கூடாது, மகளிடம் மூச்சு விடக்கூடாது, சொன்னால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவளிடமும், விஷயம் கேட்டு ஓடிவந்த என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டான். தடதடவென்று அடித்துக்கொள்கிற இன்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டு எவனாவது அசருவானா? நாங்கள் கேட்கவில்லை. அவனிடம் கேட்டு ஜெயித்தவன் யார்.

இந்தக் குளிர்காலம் வேறு மாதிரித் தொல்லை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், பற்றாது. பிளக்கில் பொறி இல்லை. இந்தப் பழைய இன்ஜின்களில் பொறி வருவது பாயிண்ட்டால். மிளகு அளவு இரண்டு உலோகப் பொட்டுகள், இன்ஜின் சுற்றச் சுற்றத் தொட்டுத் தொட்டு விலகும். விலகும்போது பொறி. பொட்டின் மேல் எதாவது படிந்துவிட்டால் அவ்வளவுதான். இன்ஜினின் பக்கவாட்டில் சின்ன மூடி, அதில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி, உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டு இரண்டு தேய் தேய்த்தால் உடனே பற்றிக்கொள்ளும். முதல் தடவை நடந்தபோது, கீழேயிருந்து தண்டு வழியாக எண்ணெய் கசிந்திருக்கும் என்று நானே சொன்னேன். வெர்லினும் தலையாட்டினான். அடுத்த தடவையும் தலையாட்டினான். அதற்கடுத்த தடவை ஆட்டவில்லை.

"எண்ணெய்னா தினம்ல கசியணும்?" என்றான். "நாலு பனி நல்லா வாருது, அஞ்சாவது பனிக்கு மக்கர். யாரோ பண்றான்."

அன்று அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டு வைத்திருந்தாள் ஆர்டிஸ், கூடவே அவளுடைய தண்ணிக் காப்பி. வெர்லின் கண்ணாடியின் காது கழன்றுகொண்டே இருந்ததால் அதன் குட்டி ஸ்க்ரூவை முடுக்கி, அதன் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். அப்படி வைத்தால் ஸ்க்ரூ அசையாது.

"யாரோன்னா யாரு?" என்றாள்.

"டெரில்."

டெரில் அவர்கள் மருமகன். டவுனில் வீடு வாங்கி விற்கிற தரகன். நல்ல பையன்தான், ஆனால் வரும்போதெல்லாம் டவுனில் லிஃப்ட் வைத்த கட்டிடத்தைப் பற்றிப் பேசுவான்.

"டெரிலுக்கு டயர் மாத்தவே தெரியாது. அவனா வந்து உன் இன்ஜினைத் தெறப்பான்?"

"தெரியாத மாதிரி இருக்கிறவனைத்தான் பாத்துக்கணும்."

"அவன் வந்தா கார் சத்தம் கேக்காதா? பனியில தடம் இருக்காதா?"

"ரோட்டுல நிறுத்திட்டு நடந்து வந்திருப்பான்."

"அந்த டவுன் ஷூவைப் போட்டுக்கிட்டுப் பனியில மேடேறி வந்தானாம்" என்றாள் ஆர்டிஸ். "உன் வயசுதானே அந்த டிராக்டருக்கும் ஆகுது. ஒரு நாளைக்கு ஓடலைன்னா விடேன். காசுக்குப் பனி வார்ற ஜெர்ரிக்கு ஃபோன் பண்ணா லாரியில வந்து பனியைத் தள்ளிட்டுப் போறான்."

"அப்ப இவன்" என்று என்னைக் காட்டினான் வெர்லின். "இவனுக்குத்தான் பாயிண்ட் எங்க இருக்குன்னு தெரியும்."

"ஆமா, உன் டிராக்டர் நின்னா எனக்குச் சீஸ் ஆலையில பதக்கம் குடுக்கறாங்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தான். அந்தப் பார்வையோடு உருளைக்கிழங்கு எனக்கு இறங்கவில்லை. அடுத்த மக்கருக்கு மறுநாள் காலையில்தான் என் வாசலில் வந்து பூட்ஸைத் திருப்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவன் செய்த வேலை எனக்கு அப்போது தெரியாது. மாடு வைத்திருந்தவன் வீட்டில் கொட்டகைச் சுண்ணாம்பு மிச்சம் இல்லாமல் போகுமா? ஈரம் உறிஞ்சத் தரையில் தூவுவோமே, அதுதான். ஒரு மூட்டையைத் தூக்கிப் போய் ஷெட்டுத் தரை முழுக்க மாவு மாதிரி தூவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், கொஞ்ச நாளில் ஆளே மாறிவிட்டான் என்பதுதான். என்னைச் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டான். டெரிலைப் பற்றிப் பேச்சில்லை. வலிய வந்து, "நார்ப், நீ சும்மா இருந்தா வா, ஒரு சாமான் வந்திருக்கு" என்றான். அவன் என்னிடம் தணிவாகப் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தபாலில் வந்த பெட்டிக்குள் எலக்ட்ரானிக் இக்னிஷன். தீப்பெட்டி அளவு கறுப்புக் கட்டி ஒன்று, அதிலிருந்து வயர், ஒரு துண்டுக் காந்தம், கண் மாதிரி ஒரு உணரி. காந்தத்தைச் சுழல்கிற சக்கரத்தில் பொருத்த வேண்டும். அது சுற்றி வந்து கண்ணைக் கடக்கும்போதெல்லாம் கறுப்புக் கட்டி பொறியைக் கொடுக்கும். தொட்டு விலகுகிற வேலை கிடையாது, தேயாது, அழுக்குப் பிடிக்காது.

"பாயிண்ட்டே இல்லைன்னா எவனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் வெர்லின். கொஞ்சம் பொறுத்து, "எவனும்" என்று இன்னொரு தடவை சொன்னான்.

ஷெட்டில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். தரையைப் பெருக்கி வைத்திருந்தான். மூலைகளில் மட்டும் வெள்ளை ஒட்டிக் கிடந்தது. கையுறை போட்டால் ஸ்க்ரூ பிடிபடாது, கழற்றினால் இரும்பு தோலைக் கடிக்கும். மாற்றி மாற்றி அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். அவன் சக்கரத்து உறையைப் பிரித்தான், நான் பாயிண்ட்டைக் கழற்றினேன். பாயிண்ட்டைத் தள்ளுகிற தண்டையும் உருவி எடுத்து, எண்ணெய் வெளியே வராமல் அந்த ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்தேன்.

கழற்றிய பாயிண்ட்டைச் சும்மா வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டின் மேல் பளபளப்பாக ஏதோ இருந்தது. எண்ணெய் என்று நினைத்து நகத்தால் வழித்தேன். உரிந்தது. வெயிலில் காய்ந்த தோல் உரியுமே, அப்படி மெல்லிசாக, முழுசாக. எண்ணெய் வழியும், உரியாது. ஆக வெர்லின் சொன்னது சரி. யாரோ வைத்திருக்கிறார்கள். எனக்குக் குளிர் இன்னும் ஏறிவிட்டது. அவன் பார்க்காதபோது பாயிண்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நார்ப்" என்றான் அவன், சக்கரத்தைவிட்டுத் தலையைத் தூக்காமல். "ஒண்ணு சொல்றேன். யார்ட்டயும் சொல்லக்கூடாது."

"உன் ரகசியத்தை வாங்கி வச்சு வச்சு என் வீட்டுல இடமில்ல. சொல்லு."

"இந்தத் தரையில சுண்ணாம்பு தூவி வச்சேன். எவன் வரான்னு பாக்க."

"வந்தானா?"

"வந்தான். கதவுலேர்ந்து இன்ஜின் வரைக்கும் தடம் போயிருந்துச்சு, திரும்பி வந்திருந்துச்சு. அன்னிக்கு ஸ்டார்ட் ஆகல."

"யார் தடம்?"

"என்னுது."

"தூவும்போது விழுந்திருக்கும்."

"பின்பக்கமா நடந்து மூடிக்கிட்டே வந்தேன். அப்புறம் உள்ளயே போகல. என் பூட்ஸுல, இடது குதியில கோடாலி பட்ட வெட்டு இருக்குல்ல? அதுவும் அப்படியே விழுந்திருந்துச்சு." ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நானேதான் போறேன் நார்ப். நானே எதையோ பண்றேன், எனக்கு ஞாபகமில்ல."

அவன் அப்பாவை எனக்குத் தெரியும். கறந்து முடித்த மாட்டைத் திரும்பத் திரும்பக் கறக்கப் போவார் மனுஷன். மாடு உதைக்கும், அழுவார், மறுபடி போவார். கடைசியில் அரசாங்கக் காப்பகத்தில் ஒரு ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வந்தார்கள்.

"அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றான் வெர்லின். "டெரிலுக்கு ஃபோன் பண்ணிட்டேன். வீட்டை வாங்க ஆள் பாருன்னு."

"ஆர்டிஸ்ட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? இன்னிக்கு டிராக்டர். நாளைக்கு கேஸைத் தெறந்துவிட்டுட்டு வந்து படுத்தேன்னா? பக்கத்துல அவ தூங்கிட்டிருப்பா." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இந்த எலக்ட்ரானிக்கைப் போட்டுட்டு, இந்தக் குளிர்காலத்தை மட்டும் ஓட்டிட்டா போதும். கௌரவமா இறங்கிப் போயிடுவேன்."

மாடு விற்ற அன்றுகூட அவன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. மீதி வேலையை முடித்தோம். காந்தத்துக்கும் கண்ணுக்கும் நடுவே இடைவெளி பார்த்து முடுக்கினோம், வயரை இழுத்துக் கட்டினோம். சாவியைத் திருப்பினான். அரைச் சுற்றுக்குள் பற்றிக்கொண்டு, அப்படி ஒரு சீராக ஓடியது. புதுசில்கூட அப்படி ஓடியிருக்காது.

சத்தம் கேட்டு ஆர்டிஸ் வந்தாள். தட்டில் லெஃப்ஸ, உருளைக்கிழங்கில் சுட்ட மெல்லிய ரொட்டி, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டியது. தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு இன்ஜினையே பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இனிமே இதை எவனாலயும் நிறுத்த முடியாது" என்றான் வெர்லின், சத்தத்துக்கு மேல் கத்தி.

அவள் இன்ஜினின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். "அந்தச் சின்ன மூடி எங்க?"

டிராக்டருக்கு எந்தப் பக்கம் பெட்ரோல் ஊற்றுவது என்றுகூடத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். வெர்லின் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

அவன் பனி வார இறங்கிப் போனதும் நான் காப்பிக்கு வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாயிண்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"கண்ணாடி ஸ்க்ரூவுக்கு வைக்கிறதைத்தான் இதுக்கும் வச்சியா?"

அவள் திரும்பவில்லை. "எதை?"

"ஆர்டிஸ்."

"எனக்கு என்ன தெரியும் இன்ஜினைப் பத்தி?"

"மூடியைப் பத்தி மட்டும் தெரியுது."

"காப்பியைக் குடிச்சிட்டுக் கெளம்பு நார்பர்ட்." கோபம் வந்தால்தான் முழுப் பெயர் வரும் அவளுக்கு. "அவனைப் போன வருஷம் சரிவுலேர்ந்து இழுத்துத் தூக்கினது நீயா? உதடு நீலமா கெடந்தான். டாக்டர்ட்டப் போன்னா போக மாட்டான், இறங்குன்னா இறங்க மாட்டான். நான் என்ன பண்ணணுங்கற? அவன் உப்புத்தாள் போடறதை எத்தனை தடவை பாத்திருக்கேன். மேல எதாவது படிஞ்சா ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? காலைல முகம் சாம்பலா இருக்கிற அன்னிக்கு மட்டும்தான் வச்சேன். மத்த நாளெல்லாம் ஓட்டட்டும்னு விட்டேன்ல?"

"அவன் தரையில சுண்ணாம்பு தூவி வச்சிருந்தான்."

"தூவட்டும்."

"தடம் விழுந்துச்சு. அவன் பூட்ஸ் தடம்."

அவள் குழாயை மூடினாள். எங்கள் வீடுகளில் பின்வாசலில் எது பெரிசாக, ஈரமில்லாமல் கிடக்கிறதோ அதில் காலை விட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போவதுதான் வழக்கம். யாருடையது என்று யார் பார்க்கிறார்கள். பெண்கள் எல்லாம் புருஷன் பூட்ஸில் சரட்டு சரட்டென்று போவார்கள்.

"அது என் கால்" என்றாள்.

"அவன்கிட்ட அதை யார் சொன்னா? அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சிட்டிருக்கான். டெரில்ட்ட வீட்டை விக்கச் சொல்லிட்டான். கேஸைத் தெறந்துவிட்டு உன்னைக் கொன்னுடுவேனோன்னு பயந்து சாகறான்."

அப்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஆகிவிட்டது எனக்கு. கையைக்கூடத் துடைக்கவில்லை. கோட்டும் போடவில்லை. வாசலில் கிடந்த என் பூட்ஸில் காலை விட்டுக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டாள். நான் காலுறையோடு வாசற்படியில் நின்றேன்.

கீழ் வளைவில் அவன் வந்துகொண்டிருந்தான். அவள் கையை ஆட்டினாள். பனி தூசியாகப் பறந்ததில் அவனுக்குத் தெரியவில்லை. பனி வாரிக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவன் பதறிப்போய் நிறுத்தினான். இன்ஜின் அடங்கியதும் மேட்டில் ஒரு சத்தமில்லை. அவர்கள் பேசியது படியில் நின்ற எனக்கு அப்படியே கேட்டது.

"பைத்தியமா உனக்கு? கோட்டு எங்க?"

"சுண்ணாம்புல விழுந்தது என் கால் வெர்லின்."

"என்ன?"

"உன் பூட்ஸைப் போட்டுக்கிட்டு நான்தான் போனேன். நெயில் பாலிஷ் வச்சேன் அந்தப் பொட்டு மேல. எல்லாத் தடவையும் நான்தான். உனக்கு ஒண்ணும் இல்ல. உன் தலையில ஒண்ணும் இல்ல. கேக்குதா?"

அவன் இருக்கையிலிருந்து இறங்கினான். இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் பனி வாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் மேலே பார்த்து, "நார்ப், நான் இல்லடா" என்று கத்தினான். "நான் இல்லையாம்." சிரித்தானா அழுதானா என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை. தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டான். பொத்தான் மாட்டும்போதுதான் கோபம் வந்தது போல.

"தெனம் காலைல எழுந்து என் பேரு, உன் பேரு, மாட்டுப் பேரெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன். எதாவது மறந்து போச்சான்னு. தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"கேட்டிருக்கலாம்ல என்னை?"

"கேட்டா இறங்கியிருப்பியா?"

அவளை நடந்து போகச் சொல்லிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்து, மீதிப் பாதையையும் வாரி முடித்துவிட்டுத்தான் வந்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்த வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. மத்தியானம் போனால் இரண்டு பேரும் என்னிடம்தான் பேசுவார்கள். "உப்பை எடுக்கச் சொல்லு நார்ப்" என்பான். அவள் எடுத்து என் முன்னால் வைப்பாள், நான் அவன் முன்னால் தள்ளுவேன். டெரில் ஃபோன் செய்தபோது மட்டும், "விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டான். டாக்டர் பேச்சை நான் எடுத்தேன். காது கேட்காதவன் மாதிரி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை ஆர்டிஸ் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஃபோன் வந்தது. "அந்தப் பாயிண்ட்டை வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"வச்சிருக்கேன். ஏன்?"

"எடுத்துக்கிட்டு வா."

போனபோது கறுப்புக் கட்டியையும் காந்தத்தையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தான். ஓட்டையிலிருந்து போல்ட்டை எடுத்துத் தண்டைத் திரும்ப விட்டிருந்தான்.

"நல்லாத்தானே ஓடிச்சு அது?"

"நல்லா ஓடுது. அதான் எனக்குப் பிடிக்கல. யார் சொன்னாலும் கேக்காம ஓடுது."

பாயிண்ட்டைக் கொடுத்தேன். துடைத்து மாட்டினான். இடைவெளிக்கு அளவுத் தகடு வைத்துப் பார்த்து, நகர்த்தி, மறுபடி பார்த்து, மனசுக்குப் பிடித்த பிறகுதான் முடுக்கினான். சாவியைத் திருப்பியதும் பற்றியது, அந்தப் பழைய இருமலோடு. அணைத்துவிட்டுச் சின்ன மூடியை வைத்தான். ஸ்க்ரூவை விரலால் திருகினான். நான் திருப்புளியை நீட்டினேன். வாங்கவில்லை.

"அப்படியே விட்டா ஓடற அதிர்வுல கழண்டு விழுந்துடும்" என்றேன்.

"ஏறும்போதெல்லாம் ஒரு திருகு திருகிக்கறேன்."

"அதுக்கு இப்பவே ஒழுங்கா முடுக்கிட்டா என்ன?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாக, நிதானமாக.

"இது மக்கர் பண்ற அன்னிக்கெல்லாம் ஆர்டிஸ் சுடுதண்ணியில கையை முக்கிக்கிட்டு உக்காந்திருப்பா. துணி தைச்சு மூட்டு வலின்னு சொல்லுவா. நானும் நம்பினேன்" என்றான். "இந்த ஸ்க்ரூவை நான் எவ்வளவு இறுக்கமா முடுக்குவேன்னு உனக்குத் தெரியும்ல நார்ப்."